மதகு இல்லாத ஏரி

ஏற்காடு ஏரிக்கரையில் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகைத் தேடிக்கொண்டிருந்தார்.

கார்த்திகைக் கடைசி. மழை விட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. நடுப்பகலிலும் ஏரி மேல் பனி படர்ந்து கிடந்தது. எண்ணெயில் மிளகாய் பஜ்ஜி பொரிகிற வாசனை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மஞ்சள் கயிறு மங்காமல், தண்ணீரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்துச் சிரித்தது. அத்தனை பேரும் ஏரியை அழகு பார்த்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் மட்டும் கம்பி வேலிக்கு மேலே தலையை நீட்டி, தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்க் கேட்டார்.

"இன்னாம்மா, இந்த ஏரிக்கு மதகு எந்தப் பக்கம்?"

"என்னங்க கேக்கறீங்க?"

"மதகும்மா. வயலுக்குத் தண்ணி தொறந்து வுடறது."

"இங்க ஏதுங்க வயலு? போட்டுதான் இருக்குது. டிக்கெட்டு அந்தப் பக்கம் குடுக்கறாங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யாரோ இறந்த செய்தியைக் கேட்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"ஒரு காணிக்குக்கூடப் பாயாத ஏரியாடி இது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற என் மகள் அரசி சிரிக்கவில்லை. அவளுடைய கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது, இந்த மலையில் இவர் கண்ணுக்கு என்ன படுகிறது என்பதைப் பொறுத்து இருந்தது.

எந்த ஏரி பாசனம்?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, பால்வாடியில் முட்டை அவித்த கதையைப் படித்துவிட்டு, "உன் கதைய நீ எழுதிக்கோ. என் ஏரி கதைய எடுக்காத" என்றார் இவர். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இது ஞாபகத்துக்கே வந்திருக்காது. ஆகவே இந்த வாரத்துக்கு அவரே பொறுப்பு.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்கரையை ஒட்டியது. எங்கள் நிலம் அந்த ஏரித் தண்ணீரில்தான் விளைகிறது. ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருகிற பங்காரு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், இவருக்குச் சோறு இறங்காது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு எதிர்த் திசையில் போவார், தண்ணீரை எங்கே சந்திக்கிறாரோ அங்கிருந்து அதற்குத் துணையாகத் திரும்பி வருவார். நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இந்த மனிதர் இவ்வளவு அவசரமாக வந்ததில்லை. இதை அவரிடமே நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

யார் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இவர் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஏரி பாசனம்?" என்பதுதான். கண் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் கேட்டார். அந்தம்மா பாவம், "எனக்கு மெட்ராஸ்ங்க" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் இவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருந்த ஏரியெல்லாம் தூத்து வூடு கட்டிட்டாங்களாம்டி. அந்தம்மா இன்னா பண்ணும், பாவம்."

இவர் குடும்பத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. அதற்கு 'ஏரி பார்க்கிறது' என்று பெயர். பெண் எடுப்பதானாலும் கொடுப்பதானாலும், வீடு பார்க்கப் போவதற்கு முன்னால், வீட்டுப் பெரியவர் ஒருவர் போய் அந்த ஊர் ஏரியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த மதகு வழியாக வயலுக்குப் போகிறது, நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து எந்த ஊருக்குப் போய்ச் சேருகிறது. மூன்றையும் நடந்தே பார்க்க வேண்டும். மனசுக்குச் சரியென்று பட்டால் அந்த ஏரித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவந்து எங்கள் ஏரியில் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் சம்மதம். ஊற்றாவிட்டால் இல்லை. காரணம் கேட்கக் கூடாது.

ஜாதகம் பொருந்தாமல் நின்றுபோன கல்யாணங்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் கலங்கல் சரியில்லை என்று ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது.

என்னைப் பார்க்காத மாமனார்

நான் பிறந்தது ஊசுட்டேரிப் பக்கம். வில்லியனூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். இப்போது அங்கே பறவை பார்க்க வெளியூர்க்காரர்கள் காரில் வருகிறார்கள், போட் விடுகிறார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது எங்களுக்கு எருமை குளிப்பாட்டுகிற ஏரி.

இவர் வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. அம்மா கேசரி கிண்டினாள். அப்பா கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் இரும்பு நாற்காலி இரண்டு இரவல் வாங்கிவந்து போட்டார். நான் அரக்குச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து, முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நிற்க, காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆயிற்று. பொழுது சாய்ந்தது. ஒருவரும் வரவில்லை.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் சொன்னார். "வெள்ளச் சட்ட போட்ட பெரியவரு ஒருத்தரு காலைலேர்ந்து நம்ம ஏரியச் சுத்திச் சுத்தி வந்தாரு. அப்புறம் ஒரு பாட்டில்ல தண்ணிய மொண்டுக்கினு வில்லியனூர் பஸ்சு புடிக்கப் போயிட்டாரு."

அம்மா அழுதாள். கேசரியை நான்தான் சாப்பிட்டேன். கோபத்தில் எனக்குப் பசி அதிகமாகும், இன்றைக்கும் அப்படித்தான்.

இரண்டாம் நாள் இவர் வீட்டிலிருந்து ஆள் வந்து, "பெரியவருக்கு முழுத் திருப்தி, தட்டு மாத்த நாள் குறிங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே என்னைப் பிடித்துப்போன மாமனார் இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருப்பார். கல்யாணத்தன்று அவர் காலில் விழுந்தபோது, "உங்க ஏரி நல்ல ஏரிம்மா" என்று ஆசீர்வாதம் செய்தார். தீர்க்க சுமங்கலியாக இரு என்றுகூடச் சொல்லவில்லை.

என்ன ஆளுங்க, இன்னா ஏரி

அரசி வில்லியனூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே எக்ஸ்ரே எடுக்கிற பையன் சதீஷ். சேலத்துக்குப் பக்கத்தில் ஏற்காட்டு மலைக்காரன். இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பழக்கம். என்னிடம் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அழுகைக்குக் காரணம் கேட்கக் கூடாது என்று வெங்காயத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள், கெட்டிக்காரி.

"அப்பா வேணான்னா நான் இந்தக் கல்யாணத்தப் பண்ணிக்க மாட்டேம்மா. ஆனா வேற யாரையும் பண்ணிக்கச் சொல்லாத."

வேறு சாதி என்றதும் சொந்தக்காரர்கள் வாய்க்கு வேலை வந்தது. என் அண்ணன், "என்ன ஆளுங்க?" என்று கேட்டுக்கொண்டு பாகூருக்கே வந்துவிட்டார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆளுங்கள வுடு மாமா, இன்னா ஏரின்னு எவனும் சொல்ல மாட்றான்" என்றார். அண்ணன் எழுந்து போய்விட்டார். இவருடைய பைத்தியக்காரத்தனத்துக்காக நான் நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

சதீஷிடம் போனில் கேட்டதற்கு, "ஏற்காட்டுல பெரிய ஏரி இருக்குங்க மாமா. எங்க ஊர்லயும் சின்னதா ஒண்ணு இருக்கு" என்றான். 'மாமா' என்றது இவர் காதில் ஏறவே இல்லை. ஏரி இருக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டையும் பாத்துடலாம்."

ஒரு காரைப் பேசிக்கொண்டு மூன்று பேரும் காலையில் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன்னால் இவர் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து, துடைத்து, மஞ்சள் பைக்குள் வைத்ததை நானும் அரசியும் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று போகிற வழியெல்லாம் இவர் கண்ணாடி வழியாக ஏரிகளுக்கு மார்க் போட்டுக்கொண்டு வந்தார். "இது தூந்துபோச்சு." "இது பரவால்ல." "தோ, கரை ஒடஞ்சி கெடக்குது, ஒருத்தனும் பாக்கல." மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மேலே பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாதாம். இவருடைய காலி பாட்டிலையும் வாங்கித் தொட்டியில் போட்டார்கள்.

"தம்பி, அது காலி பாட்டிலுப்பா."

"காலின்னாலும் கூடாதுங்க."

இருபது கொண்டை ஊசி வளைவிலும் அரசி என் கையை விடவில்லை. தண்ணீர் எடுக்கப் பாத்திரம் இல்லாமல் ஏரி பார்க்கப் போகிறோம். அது கெட்ட சகுனமாக அவளுக்குப் பட்டுவிட்டது. எனக்கும்தான்.

நல்லவனுக்கும் தாகம் எடுக்கும்

மதகு இல்லாத ஏரியை எவ்வளவு நேரம் சுற்றுவது? அரசி அவரைக் கெஞ்சி போட் ஏறச் சம்மதிக்க வைத்தாள். காலால் மிதிக்கிற போட். முன்னால் அப்பாவும் மகளும், பின்னால் நான்.

ஏறுவதற்கு முன்னால் இவர் செருப்பைக் கழற்றிக் கரையில் ஓரமாக வைத்தார். எங்கள் பக்கத்தில் ஏரித் தண்ணீருக்குள் செருப்புக் காலோடு இறங்க மாட்டோம். போட்காரப் பையன், "போட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கலாம் சார்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் காதில் வாங்காமல் வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். அரசி ஒரு கணம் தயங்கினாள், பிறகு செருப்போடுதான் ஏறினாள். அவளுக்கு அப்பா மேல் அவ்வளவு கோபம்.

நடு ஏரி வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. அங்கே இவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, தண்ணீர் வருகிற வழியைத் தேடத் தொடங்கினார். போட் நின்ற இடத்திலேயே மெதுவாக வட்டம் அடித்தது.

"அப்பா, மிதிப்பா."

"இர்றி. வரத்து வாய்க்கா எங்கன்னு பாக்கறேன்."

"மதகு இல்லன்னா இன்னாப்பா இப்ப? அவரு நல்லவருப்பா. அது போதாதா?"

இவர் தண்ணீரில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நல்லவனுக்கும் தாகம் எடுக்கும்டி" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து மிதித்துக் கரைக்கு வந்தார்கள்.

அவளிடம் நான் சொன்னது

சாயங்காலம் லாட்ஜில் இவர் டீ குடிக்கக் கீழே போனபோது அரசி வெடித்தாள்.

"அவருக்கு என்னவிட ஏரிதாம்மா ஒசத்தி. ஒரு ஏரியப் பாத்துட்டா என் வாழ்க்கையத் தீர்மானம் பண்றது? எந்தக் காலத்து வழக்கம்மா இது?"

அவ்வளவு பழைய வழக்கம் ஒன்றும் இல்லை. எனக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். சொல்லக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அன்றைக்கு அந்தச் சத்தியத்தை உடைத்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

இவருக்கு அஞ்சலை என்று ஓர் அக்கா இருந்தார். நல்ல உயரம், வாய்விட்டுச் சிரிப்பார் என்று சொல்வார்கள். போட்டோ ஒன்றுகூட இல்லை. நல்ல இடம், நல்ல பையன் என்று அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அது கடைமடை ஊர். வாய்க்காலின் கடைசி. மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் வயல் நிறைந்த பிறகும் திறந்துவிடாமல் அடைத்து வைத்துக்கொள்வார்கள். மூன்று வருஷம் விளைச்சல் இல்லை. கிணறு வற்றியது. அஞ்சலையக்கா எட்டு மாசக் கர்ப்பத்தோடு அடுத்த ஊர் வரைக்கும் போய்க் குடம் சுமந்தார். ஒரு நாள் கரையேறும்போது வழுக்கி விழுந்தார். பிள்ளையும் இல்லை, அவரும் இல்லை.

அந்த மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாராம். என் மாமனார் அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. "பையனப் பாத்தேன், தண்ணியப் பாக்காம வுட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகப் போய் ஏரி பார்க்கத் தொடங்கினார். சம்மதம் என்றால் அந்தத் தண்ணீரை எங்கள் ஏரியில் ஊற்றுவதும் அவர் ஆரம்பித்ததுதான். அப்பன் விட்டதை மகன் பிடித்துக்கொண்டார்.

நான் சொல்லி முடித்தபோது அரசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ரோட்டில் இவர் டீக்கடைக்காரரிடம் கையை நீட்டி நீட்டி எதையோ விசாரித்துக்கொண்டிருந்தார். என்ன விசாரித்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

"நாளைக்கு அந்த ஏரியும் அவருக்குப் புடிக்கலன்னா?" என்றாள்.

நான் போர்வையை உதறி அவள் தோளில் போர்த்தினேன்.

சின்ன ஏரி

சதீஷின் ஊர் அங்கிருந்து இன்னும் மேலே. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ரோடு போகிறது. காப்பிச் செடியில் பழம் சிவந்திருந்தது. சதீஷ் எங்களுக்கு முன்னால் வந்து ரோட்டிலேயே காத்திருந்தான். அவனுடைய அப்பா வெள்ளையன், அம்மா பொன்னி. இரண்டு பேரும் ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்கள். ஏரி பார்க்காமல் வீட்டுப் படி ஏற மாட்டார் என்று பிள்ளை சொல்லி வைத்திருக்கிறான்.

அதை ஏரி என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்கள் பாகூர் ஏரியில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் மூன்று பக்கமும் மலைச் சரிவு, ஒரு பக்கம் மட்டும் ஊரார் போட்ட மண் கரை. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. கரைக்குக் கீழே படிப்படியாக நாலைந்து நெல் வயல். வயலைப் பார்த்ததும் இவர் நடையில் ஒரு வேகம் வந்தது.

பொன்னி ஒரு எவர்சில்வர் தூக்கில் மோர் கொண்டுவந்திருந்தார். இஞ்சி தட்டிப் போட்ட மோர். இவர் இரண்டு டம்ளர் குடித்தார், நல்லாயிருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு மானம் போயிற்று.

"வாங்கண்ணா, ஏரியச் சுத்திக் காட்டறேன்" என்று வெள்ளையன் கூப்பிட்டார். இரண்டு ஆண்களும் கரையோடு நடந்தார்கள். இவர் பழக்கதோஷத்தில் பொன்னியின் தூக்கையும் கையில் எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் மூன்று பெண்களும் சதீஷும் ஒரு பாறையில் உட்கார்ந்து, அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பரீட்சைத் தாள் திருத்துகிற இடத்துக்கு எதிரில் உட்காரவைத்தது போலத்தான் இருந்தது.

மதகடியில் நின்றார்கள். இவர் குனிந்து பார்த்தார், தலையாட்டினார். அரசி மூச்சு விட்டாள். பிறகு கலங்கலுக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் வழிந்து பாறை மேல் விழுந்து கீழே பள்ளத்துக்குள் மறைந்தது. இவர் கையை நீட்டி ஏதோ கேட்டார். வெள்ளையன் கீழே காட்டி ஏதோ சொன்னார். அருவிச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திடீரென்று இவர் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெள்ளையன் பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தினார்.

அரசி எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"முடிஞ்சிதும்மா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். கண் சிவந்திருந்தது. "கெளம்பலாம்" என்றார்.

பொன்னி வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். எவ்வளவோ சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போனார். இவர் சாப்பிட்டார், ஆனால் பேசவில்லை. வெள்ளையன் ஒன்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். வெற்றிலைத் தட்டை நீட்டியபோது, "இருக்கட்டும்" என்று நகர்த்தி வைத்தார். பொன்னியின் முகம் வாடிவிட்டது. சதீஷ் வாசலில் நின்று அரசியைப் பார்த்தான், அவள் அவனைப் பார்க்கவில்லை.

காரில் ஏறிப் பாதி மலை இறங்கிய பிறகுதான் கவனித்தேன். இவர் கால் இரண்டுக்கும் நடுவில் பொன்னியின் தூக்கு.

"ஏன்யா, அவங்க தூக்கையும் எடுத்துக்கினு வந்துட்டியா? மரியாதைதான் குடுக்கல, பாத்திரத்தையாவது குடுக்கக் கூடாதா?"

கோபம் வந்தால் எனக்கு மரியாதை மறந்துவிடும். இவர் வளைவுகளில் தூக்கு சாயாமல் இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மீதி மோரை எதற்கு இப்படிக் கட்டிக் காப்பாற்றுகிறார் என்று எரிச்சலாக வந்தது. அரசி ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். ஆத்தூர் போயிற்று, கள்ளக்குறிச்சி போயிற்று. இவர் வழியில் ஒரு ஏரிக்கும் மார்க் போடவில்லை.

கரையில்

பாகூருக்கு வந்தபோது பொழுது சாய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

எங்கள் ஏரி நிறைந்து தளும்பியது. பனைமர நிழல் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தது. நீர்க்காக்கைகள் கூட்டமாக இறங்கின. இவர் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் அரசியும் பின்னால் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கி நின்றார். முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டே பேசினார்.

"கலங்கல் தண்ணி எங்க போவுதுன்னு கேட்டேன். கீழூருக்குப் போவுதுன்னாரு. கோடைல உங்களுக்கே பத்தாதே, அடைச்சிக்குவீங்களான்னு கேட்டேன்."

தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அதுக்கு அந்த மனுசன் சொல்றாரு. 'அடைக்கறதில்லீங்கண்ணா. எங்க பொண்ணுங்களையெல்லாம் அந்த ஊர்லதான குடுத்திருக்கோம். அடைச்சா அதுங்கதான காயும்'னாரு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அரசிக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை அஞ்சலை என்ற பெயரே தெரியாது. இப்போது அவளும் அழுதாள்.

"அந்த மாதிரி ஒருத்தன் எங்க அக்காவுக்கு மேலூர்ல இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார்.

தூக்கின் மூடியைத் திறந்தார். மோர் இல்லை. மலை ஏரித் தண்ணீர், விளிம்பு வரைக்கும். அத்தனை வளைவிலும் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறார். குனிந்து, எங்கள் ஏரித் தண்ணீருக்குள் தூக்கை அமிழ்த்தி, மெதுவாகச் சாய்த்தார். எனக்காக ஊசுட்டேரித் தண்ணீரை என் மாமனார் ஊற்றியதும் இதே இடத்தில்தான் இருக்க வேண்டும். அப்போது நான் பார்க்கவில்லை. பார்க்கக் கிடைத்திருந்தால் இத்தனை வருஷம் அந்தக் கேசரியைச் சொல்லிக் காட்டியிருக்க மாட்டேன்.

"அதுக்கு ஏன்யா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வந்த? பொண்ணு அழுது அழுது வீங்கிப்போச்சு!" என்று கத்தினேன்.

"பேசினா அழுதுடுவேன்டி. மொத மொத பாக்கறவங்க வூட்ல போயி அழுதா நல்லாவா இருக்கும்?"

"வெத்தலையாவது எடுத்திருக்கலாமில்ல?"

"தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி எப்டிடி வெத்தல எடுக்கறது?"

வழக்கம் வழக்கம்தான். மனிதர் மாறவே மாட்டார்.

பிறகு அரசியைப் பார்த்துக் காலித் தூக்கை நீட்டினார்.

"இந்தா. சம்பந்தியம்மா தூக்கு. வெறுந்தூக்கா திருப்பிக் குடுக்கக் கூடாது. நம்ம தண்ணிய ரொப்பி, தை மாசம் நீயே எடுத்துக்கினு போ."

அரசி செருப்பைக் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.